சாமை குத்த ஆளில்லை: உணவுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு கூட்டுறவு, உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

ஜவ்வாது மலையில் சாமை விதைக்கும் குடும்பத்துப் பெண் நான். "மலையில இருந்துகிட்டு நீங்களே ரேஷன் அரிசி சாப்பிட்டா எப்படி? சாமையை மறந்துட்டீங்களா?" என்று கீழிருந்து வருகிறவர்கள் கேட்கிறார்கள். எங்கே மறந்தோம்? குத்தத்தான் முடியவில்லை.

கேழ்வரகை அப்படியே மாவாக்கிக் களி கிளறிவிடலாம். சாமை அப்படியல்ல. அந்தப் பொடி மணியைக் கெட்டியான உமி இறுக்கிப் பிடித்திருக்கும். காயவைத்து, உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, கல் பொறுக்கி... ஒரு வேளைச் சோற்றுக்கே என் அம்மா விடியுமுன் உலக்கை எடுப்பார். உள்ளங்கையில் காய்ப்பு இன்னும் இருக்கிறது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. நானோ விடிந்தால் கூலி வேலைக்கு ஓடுகிறேன்.

ரேஷன் அரிசி 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். எங்கள் வீட்டுப் பசியைத் தீர்த்த அரிசி அது. அதில் ஒரு பிடி குறைத்தாலும் தாங்க மாட்டோம். ஆனால் களைந்து உலையில் போட்டால் வெந்துவிடும் அரிசி காசில்லாமல் கிடைக்கும்போது, பாதி நாள் குத்த வேண்டிய சாமையை யார் எடுப்பார்? பள்ளியிலும் அரிசிச் சோறுதான். அந்தச் சோற்றில் பழகிய என் மகன் சாமைச் சோற்றைத் தட்டோரம் ஒதுக்குகிறான். அதைப் பார்க்கத்தான் வயிறு எரிகிறது.

விளைந்த சாமை உமியோடு மூட்டையாக வியாபாரியிடம் போகிறது. கீழே ஆலையில் உமி நீங்கி, நாங்கள் வாங்க முடியாத விலையில் நகரத்துக் கடைக்கு வருகிறது.

2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினீர்கள். எங்கள் மலையில் சாமைக்கும் அதைச் செய்யுங்கள். எங்களிடமே கொள்முதல் செய்து எங்கள் ரேஷன் கடையிலேயே கொடுங்கள். அதற்கும் முன்னால், ஊராட்சிக்கு ஓர் உமி நீக்கும் இயந்திரம் வேண்டும். அதைப் பழுது பார்க்க எங்கள் பிள்ளைகளில் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுங்கள். ஆளில்லாமல் துருப்பிடித்துப் போன இயந்திரத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அறுவடைக்குள் இயந்திரம் வந்துவிட்டால், இந்த வருஷம் இரண்டு மூட்டையை விற்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஜவ்வாது மலையிலிருந்து ஒரு சாமை விவசாயி