இன்ஹேலரும் நெபுலைசரும் அடைத்துக்கொள்ளாமல் இருக்க: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல் அறுவடை முடிந்து வயல்களில் தாள் எரிக்கப்படும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டிப் போவதும், அந்த நாட்களில் கரோல் பாக், ஆர்.கே.புரம், முனிர்க்கா, மயூர் விஹார் பகுதிகளில் வாழும் நம்மவர் வீடுகளில் இன்ஹேலரும் நெபுலைசரும் அலமாரியிலிருந்து வெளியே வருவதும் ஆண்டுதோறும் நடப்பதே. அதே நாட்களில்தான் "பம்ப் அடித்தும் பயனில்லை", "மெஷின் ஓடுகிறது, புகை வரவில்லை" என்று பலர் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு வருகிறீர்கள். கருவி கெட்டுப்போயிருப்பது குறைவு. பெரும்பாலும் அது அடைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவே.

அடைப்பை நாங்கள் பெரிதாக எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடைபட்ட கருவி தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. அழுத்தினால் சத்தம் கேட்கிறது, வாயில் ஏதோ ஈரமாகப் படுகிறது, ஆகவே மருந்து உள்ளே போய்விட்டதாகவே நோயாளி நம்புகிறார். மூச்சு சீராகாதபோது நோய் முற்றிவிட்டது என்றோ மருந்து சரியில்லை என்றோ எண்ணுகிறார். வீட்டில் யாருக்கும் கருவியின் மேல் சந்தேகம் வருவதில்லை. மருந்து நுரையீரலுக்குப் போய்ச் சேரவே இல்லை என்பது மருத்துவருக்கும் தெரியாமல் போனால், மருந்தின் அளவு கூட்டப்படவும் வாய்ப்புண்டு. எந்த மருந்து, எவ்வளவு என்பது உங்கள் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. அதில் நாங்கள் தலையிட மாட்டோம். அந்த மருந்து கருவியை விட்டு ஒழுங்காக வெளியே வருகிறதா என்பதைப் பற்றியே இந்த மடல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மூச்சுத் திணறல் வந்திருக்கும் நேரத்தில் கருவியைக் கழுவிப் பழுது பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பேச்சு ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திக்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, மருந்து எடுத்தும் தணியாவிட்டாலோ உடனே 112-ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். கழுவுவது, சோதிப்பது எல்லாம் உடம்பு நன்றாக இருக்கும் நாளில் செய்ய வேண்டியவை. அதனால்தான், மருத்துவரைக் கேட்டு, அவசரத்துக்கு உதவும் இன்ஹேலர் ஒன்றைக் கூடுதலாக வீட்டில் வைத்துக்கொள்ளும்படி எல்லோரிடமும் வற்புறுத்துகிறோம்.

இன்ஹேலர் ஏன் அடைக்கிறது என்று தெரிந்துகொண்டால் அதைக் கழுவும் பொறுமை தானாக வரும். 1956-இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்த காலத்திலிருந்து இதன் அமைப்பு அதிகம் மாறவில்லை: அழுத்தத்தில் திரவமாக்கப்பட்ட வாயுவோடு மருந்து கலந்திருக்கும் உலோகக் குப்பி ஒன்று, அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கூடு ஒன்று. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் ஏற்பட்ட மான்ட்ரியல் உடன்பாட்டின் விளைவாக, முன்பிருந்த சிஎஃப்சி வாயுவுக்குப் பதில் எச்எஃப்ஏ வாயு வந்தது. குப்பியை அழுத்தும்போது மருந்து, கூட்டின் அடியில் உள்ள அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு துளை வழியாகப் பீறிட்டு வருகிறது. வாயு நொடியில் ஆவியாகிவிட, மருந்தின் துகள் சிறிது அந்தத் துளையைச் சுற்றியே ஒட்டிக்கொள்கிறது. சால்புட்டமால் போன்ற மருந்துகள் வாயுவில் கரையாமல் பொடியாக மிதப்பவை என்பதால் இந்தப் படிவு அவற்றில் எளிதாகச் சேரும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, துளை குறுகி, ஒருநாள் வெள்ளைப் பொருக்காக நின்றுவிடுகிறது. இந்த அடைப்பு குப்பியில் அல்ல, கூட்டில்தான் ஏற்படுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை இரவு என்று ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, குப்பியை உருவி உலர்ந்த இடத்தில் தனியாக வைத்துவிட்டு, கூட்டை மட்டும் வெதுவெதுப்பான ஓடும் நீரில் மேல் வாய் வழியாக அரை நிமிடமும் வாயில் வைக்கும் பக்கம் வழியாக அரை நிமிடமும் கழுவுங்கள். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளையில் படிவு ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள்; தெரிந்தால் மறுபடி கழுவுங்கள். நன்றாக உதறி, துடைக்காமல், இரவு முழுவதும் காற்றில் உலர விடுங்கள். ஈரம் தங்கிய கூட்டில் மருந்து இன்னும் விரைவாகப் படியும் என்பதால், கழுவுவதைப் போலவே உலர்த்துவதும் முக்கியம். உலர்வதற்குள் மருந்து தேவைப்பட்டுவிட்டால், நீரை உதறிவிட்டுக் குப்பியைப் பொருத்தி, குலுக்கி, முகத்துக்கு அப்பால் ஓரிரு முறை அடித்துப் பார்த்த பிறகு பயன்படுத்துங்கள். அப்புறம் மீண்டும் கழுவி உலர்த்திவிடுங்கள்.

ஆனால் எல்லா இன்ஹேலருக்கும் இது பொருந்தாது. ஸ்டீராய்டு கலந்த சில இன்ஹேலர்களின் கூட்டை நீரில் நனைக்கவே கூடாது, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும் என்று அதைத் தயாரித்தவர்களே சொல்கிறார்கள். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைத் தூக்கி எறியாதீர்கள். எழுத்து சிறியதாக இருந்தால் கடைக்குக் கொண்டு வாருங்கள், படித்துச் சொல்கிறோம்.

ஊசியையோ குண்டூசியையோ அந்தத் துளையில் விடவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். துளையின் அளவுதான் மருந்துத் துளியின் அளவை முடிவு செய்கிறது. ஏறத்தாழ 1 முதல் 5 மைக்ரான் வரையுள்ள துளிகளே நுரையீரலின் உட்புறம் வரை செல்லும். துளை பெரிதானால் துளியும் பெரிதாகித் தொண்டையிலேயே தங்கிவிடும். ஊசி விட்டபின் "இப்போது நன்றாக அடிக்கிறது" என்று தோன்றும், உண்மையில் அந்தக் கூடு வீணாகிவிட்டது. ஒரு மருந்தின் கூட்டில் இன்னொரு மருந்தின் குப்பியைப் பொருத்துவதும் இதே காரணத்தால் தவறு. மருந்து மீதி இருக்கிறதா என்று பார்க்கக் குப்பியைத் தண்ணீரில் மிதக்கவிடும் பழக்கமும் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதனால் சரியான அளவும் தெரியாது, குப்பியின் வாய்க்குள் நீர் புகுந்து அங்கேயே அடைப்பும் உண்டாகும். எண்காட்டி உள்ள இன்ஹேலரை வாங்குங்கள், இல்லாவிட்டால் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

நெடுநாள் கிடந்த இன்ஹேலரில் முதல் சில அடிகளில் மருந்து முழுமையாக வராமல் போகலாம். சால்புட்டமால் இன்ஹேலர்களில் பல, இரண்டு வாரத்துக்கு மேல் தொடாமலிருந்தால் குலுக்கிக் குலுக்கி நான்கு முறை காற்றில் அடித்த பிறகே எடுக்க வேண்டியவை. தில்லிக் குளிரில் இன்னொன்றும் நேர்கிறது: ஜனவரிக் காலையில் குப்பி சில்லென்று இருந்தால் உள்ளே அழுத்தம் குறைந்து, அடைப்பே இல்லாமல் அடைபட்டதைப் போல மெலிதாக வரும். உள்ளங்கையில் சற்று நேரம் வைத்திருங்கள், அது போதும். ரூம் ஹீட்டரின் அருகிலோ வெந்நீரிலோ வைத்துச் சூடாக்காதீர்கள். குப்பி வெடிக்கக் கூடும்.

ரோட்டாஹேலர் போன்ற பொடிக் கருவிகளுக்கு எதிரி ஈரம். ஜூலை, ஆகஸ்ட் மழை நாட்களில் கேப்சூலைக் குளியலறையிலோ அடுக்களையிலோ வைத்தால் பொடி கட்டிப்போகும். கருவிக்குள் மூச்சை விடாமல் இருப்பதும், கேப்சூலை முன்கூட்டியே போட்டு வைக்காமல் இருப்பதும், கழுவினால் முழுக்க உலர்ந்த பிறகே பயன்படுத்துவதும் போதுமானவை. இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் ஸ்பேசர் குழலைச் சோப்பு கலந்த நீரில் அலசி உட்புறத்தைத் துடைக்காமல் உலர விடுங்கள். துடைத்தால் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டும்.

இனி நெபுலைசர். கம்ப்ரசர் அனுப்பும் காற்று, மருந்து ஊற்றும் கிண்ணத்தின் நடுவில் உள்ள ஊசிமுனை போன்ற துளை வழியாக வேகமாக வெளியேறும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அதனால் மருந்து மேலே இழுக்கப்பட்டு, எதிரே உள்ள சிறு தடுப்பில் மோதிப் பனியாகச் சிதறுகிறது. இந்தத் துளையோ, அதன்மேல் கவிழ்க்கும் தொப்பியின் இடுக்கோ அடைத்தால் பனி மெலியும். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் முடியும் மருந்து அரை மணி இழுத்தால் அடைப்பைச் சந்தேகியுங்கள்.

எங்கே கோளாறு என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். குழாயைக் கழற்றிவிட்டு இயந்திரத்தின் காற்று வாயில் விரலை வைத்துப் பாருங்கள். அங்கேயே காற்று மெலிதாக வந்தால் ஃபில்டரையோ கம்ப்ரசரையோ பார்க்க வேண்டும். அங்கே பலமாக வந்து குழாயின் மறுமுனையில் குறைந்தால் குழாய் விரிந்திருக்கிறது, மடிந்திருக்கிறது, அல்லது இணைப்பு தளர்ந்திருக்கிறது. இரண்டிலும் காற்று சரியாக இருந்தும் கிண்ணத்தில் பனி வராவிட்டால் குறை கிண்ணத்தில்தான். உள்ளே இருக்கும் தொப்பியைப் பொருத்த மறந்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள், மறந்தால் துளிப் பனியும் வராது. கம்ப்ரசரையே மாற்ற வேண்டும் என்று எண்ணி வருபவர்களுக்குப் புதுக் கிண்ணம் ஒன்றே போதுமானதாக இருப்பதைக் கடையில் அடிக்கடி பார்க்கிறோம். இந்தச் சோதனையைச் செய்து பார்க்காமல் புது இயந்திரம் கேட்டால் நாங்கள் கொடுப்பதில்லை.

கிண்ணத்தில் படிவது இரண்டு வகை. ஒன்று மருந்தின் மிச்சம்: சலைனில் உள்ள உப்பும், நீரில் கரையாமல் மிதக்கும் புடெசொனைடு போன்ற மருந்தின் துகளும் காய்ந்து ஒட்டிக்கொள்கின்றன. மற்றது கழுவிய தண்ணீரின் மிச்சம். போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் வரும் வீடுகளில், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைச் சுண்ணம் இந்தச் சின்னத் துளையிலும் படிகிறது. பொறுப்பாக நாள்தோறும் கழுவுகிறவர்களின் கிண்ணமும் அடைத்துக்கொள்வதற்கு இதுவே காரணம். மருந்து எடுத்து முடித்த உடனே, காய்வதற்குள், மிச்சத்தைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தை அலசுங்கள். நாளில் ஒருமுறை பாத்திரம் துலக்கும் மென்மையான சோப்பு நீரில் கழுவி, கடைசி அலசலை மட்டும் காய்ச்சி ஆறிய ஆர்.ஓ. நீரில் செய்து, சுத்தமான துணியின்மேல் பிரித்து உலர்த்துங்கள். சுண்ணம் படிந்துவிட்டால் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று பங்கு நீர் கலந்து அரை மணி நேரம் ஊற வைத்து, நன்றாக அலசுங்கள். கொதிநீரில் போடலாமா என்பது கிண்ணத்துக்குக் கிண்ணம் வேறுபடும்; தாளைப் பாருங்கள். மருந்தோடு கலப்பதற்கு மட்டும் எந்த வீட்டு நீரும் கூடாது, கிருமி நீக்கிய சலைன் மட்டுமே.

குழாயைத் தண்ணீரில் கழுவ வேண்டாம். உள்ளே ஈரம் தெரிந்தால் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு இயந்திரத்தைச் சில நிமிடம் ஓட விடுங்கள், காற்றே உலர்த்திவிடும். இயந்திரத்தின் பக்கவாட்டில் சிறு மூடிக்குள் இருக்கும் வெள்ளை ஃபில்டர் சாம்பல் நிறமானால் மாற்றிவிடுங்கள். புகை மூட்ட மாதங்களில் அது எவ்வளவு விரைவில் கறுக்கிறது என்று பார்த்தால், நாம் எதைச் சுவாசிக்கிறோம் என்பதும் தெரியவரும். இயந்திரத்தைத் தரையிலோ, கம்பளத்திலோ, சாமி அறையில் ஊதுவத்தி ஏற்றும் இடத்தின் அருகிலோ வைக்காதீர்கள்.

கையடக்கமான மெஷ் நெபுலைசர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சில மைக்ரான் அளவுள்ள ஆயிரக்கணக்கான துளைகள் கொண்ட மெல்லிய தகடு நொடிக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் அதிர்ந்து மருந்தைப் பனியாக்குகிறது. அந்தத் தகட்டை விரலாலோ பஞ்சாலோ தொட்டாலே கெடும். மருந்து முடிந்ததும் காய்ச்சி வடித்த நீரைச் சிறிது ஊற்றிச் சில நிமிடம் ஓட விடுவதே அதற்குச் சரியான கழுவல். குழாய்த் தண்ணீர் அதன் பக்கம் போகக் கூடாது.

சளிக்கு இதமாக இருக்கும் என்று யூகலிப்டஸ் தைலத்தையோ கற்பூரம் கரைத்த நீரையோ நெபுலைசரில் விடுகிறவர்களுக்கு மிகுந்த அக்கறையோடு சொல்கிறோம்: தயவுசெய்து செய்யாதீர்கள். எண்ணெய் துளையை அடைக்கும் என்பது சிறிய கெடுதல். பனியாகி நுரையீரலுக்குள் போன எண்ணெய் அங்கேயே தங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கக் கூடும் என்பது பெரிய கெடுதல். ஆவி பிடிக்கும் பாத்திரம் வேறு, நெபுலைசர் வேறு. குழந்தைகள் இருக்கும் வீடுகளில் பாட்டி, தாத்தா இருவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

வேப் பேனா அடைத்துக்கொண்டது, சரிசெய்து தர முடியுமா என்று இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். 2019-ஆம் ஆண்டின் சட்டம் மின்சிகரெட்டுகளின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை அனைத்தையும் நாடு முழுவதும் தடை செய்திருக்கிறது. அவற்றை நாங்கள் தொடுவதில்லை. மருத்துவர் எழுதித் தந்த மருந்தை அத்தகைய பேனாவில் ஊற்றிப் பார்க்கவும் வேண்டாம். அது சூடாக்கும் கருவி, மருந்தின் தன்மையே மாறிவிடும்.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களும் எங்கள் கடையில் பழைய நெபுலைசர்களின் காற்றழுத்தத்தையும் இன்ஹேலர் கூடுகளையும் கட்டணமின்றிச் சோதித்துத் தருகிறோம். எங்களிடம் வாங்காத கருவியானாலும் சரி. வரும்போது இயந்திரத்தோடு குழாய், கிண்ணம், முகமூடி, மருந்துச் சீட்டு ஆகியவற்றையும் கொண்டு வாருங்கள். கிண்ணத்தைக் கழுவாமல் அப்படியே கொண்டு வந்தால் படிந்திருப்பது மருந்தா சுண்ணமா என்று பார்த்துச் சொல்ல எளிதாக இருக்கும். நடக்க இயலாத முதியவர்களுக்காக, ஆர்.கே.புரம், முனிர்க்கா பகுதிகளுக்கு ஞாயிறு முற்பகலில் நாங்களே வந்து பார்க்கிறோம்; முதல் நாளே கடையில் சொல்லி வைத்தால் போதும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்
கரோல் பாக், புது தில்லி