கடைசிக் குழாய் வரை வந்த ஐயாவுக்கு

நம் ஊரில் வாந்திபேதி பரவியதால் போட்டிருந்த மருத்துவ முகாமை நேற்றோடு எடுத்துவிட்டோம். வாந்திபேதி என்று புதிதாக ஒருவர் வந்து ஐந்து நாளாகிறது. நடந்தது எல்லாருக்கும் தெரியும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

வீடு வீடாக ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொண்டுபோன செவிலியர் அக்காக்கள், டேங்க் ஆபரேட்டர் அண்ணன், துப்புரவுப் பணியாளர்கள், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் ஆட்டோ எடுத்த பையன்கள், உங்கள் அத்தனை பேரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஐயாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியாக வேண்டும். யாரும் கூப்பிடவில்லை, திருத்துறைப்பூண்டியிலிருந்து மொபெட்டில் அவராகவே வந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் நான் குடிநீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் விட்டு, தொட்டியடிக் குழாயில் பிடித்துச் சோதித்துப் பார்த்தேன். நல்ல மஞ்சள், அதாவது தண்ணீரில் குளோரின் இருக்கிறது. பதிவேட்டில் 'குளோரின் சரி' என்று எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் விடியுமுன் ஐயா டார்ச்சோடு வந்து நிற்கிறார். "மேட்டூர்ல தொறந்தாச்சுன்னு பேப்பர்ல வந்தா நம்ம வயல் நனைஞ்சிருமா தம்பி? கடைமடைக்கு வந்துச்சான்னு போய்ப் பாக்கணும்ல."

வாய்க்கால் கரையோரமாகக் கடைசித் தெருவுக்கு நடந்தோம். கடைசிக் குழாய்த் தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்து ஆர்த்தோடோலிடின் சொட்டு விட்டேன்; குளோரின் இருந்தால் மஞ்சளாக்கும் மருந்து அது. 0.5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் அரைப் பங்கு) குளோரின் இருந்திருக்க வேண்டிய தண்ணீர் நிறமே மாறவில்லை. எனக்குக் கை நடுங்கியது, அந்தத் தெருவில் எத்தனை குழந்தைகள். ஐயா திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "நேத்து எழுதினத ஒரு கோடு போட்டு அடி, கீழ இருக்கறது தெரியணும். பக்கத்துல இன்னைக்குப் பாத்ததை எழுதிக் கையெழுத்துப் போடு." நான் எழுதி முடிக்கும் வரை டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், அதற்கப்புறம் அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மதியமே சாக்கடைக்குள் விட்டுப்போயிருந்த குடிநீர்க் குழாய் இணைப்பைக் கண்டுபிடித்தோம்.

1939-ம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் படித்துத் தேர்வு எழுதியவன் நான். தப்பாக எழுதியதை எப்படித் திருத்துவது என்று அந்தத் தெருமுனையில்தான் படித்தேன்.

அடுத்த மாதம் பயிற்சிக்கு இரண்டு தம்பிகள் வருகிறார்கள். முதல் நாள் விடியற்காலையே அவர்களைக் கடைசிக் குழாய்க்குக் கூட்டிப்போவேன். ஐயா, நீங்களும் டார்ச்சோடு வந்துவிடுங்கள்.