வால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதிய நுண்ணுயிர்க்கொல்லிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இதையெல்லாம் தமிழில் எழுத ஒருவர் முன்வந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால், பெப்டைடில், அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலியில், ஒரு கொழுப்பு வாலை ஒட்டிவிட்டால் அது எந்தச் செல்லின் சவ்விலும் ஊசிபோல இறங்கிவிடும் என்ற வரியை அப்படியே விட மனம் வரவில்லை. பல வருடங்களாகச் செயற்கைச் சவ்வுகளோடு வேலை செய்கிறவன் நான்.

டாப்டோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியையே எடுத்துக்கொள்வோம். 13 அமினோ அமிலங்கள், அவற்றோடு 10 கார்பன் நீளத்தில் ஒரு கொழுப்பமில வால். நம் செல்களின் வெளிப்பக்கத்தில் நிறைய இருப்பது பாஸ்பாட்டிடைல்கோலின் என்ற லிப்பிடு, அதாவது ஒரு வகைக் கொழுப்பு. அதை மட்டும் கொண்டு செய்த லிப்போசோம் என்ற செயற்கைச் சவ்வுக் குமிழிகளோடு இந்த மருந்தைக் கலந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. சரி, குமிழிகளில் பாஸ்பாட்டிடைல்கிளிசரால் என்ற இன்னொரு லிப்பிடையும் சேர்த்து, இரத்தத்தில் இருக்கிற அளவுக்குக் கால்சியம் விட்டுப் பாருங்கள். இந்த மருந்தில் இயல்பாகவே ஒளிரும் அமினோ அமிலம் ஒன்று உண்டு. தண்ணீரில் மங்கிக் கிடக்கும் அது, கொழுப்புக்குள் புகுந்ததும் பிரகாசமாகிவிடும். கால்சியம் விழுந்த கொஞ்ச நேரத்திலேயே, ஒளியை அளக்கும் கருவியின் கோடு விறுவிறுவென மேலே ஏறும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. வால் அதே வால்தான், மாறியது சவ்வு. ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களின் சவ்வில் இந்த இரண்டாவது லிப்பிடு ஏராளம். அதனால்தான் மருந்து அவற்றைத் தேடிப் பிடிக்கிறது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து நிமோனியாவுக்குக் கைகொடுக்கவில்லை. நுரையீரலின் காற்றுப்பைகளை உள்ளே பூசியிருக்கும் சர்ஃபாக்டன்ட் படலத்திலும் அதே பாஸ்பாட்டிடைல்கிளிசரால் இருக்கிறது. மருந்து அங்கேயே சிக்கிக்கொள்கிறது, கிருமியிடம் போய்ச் சேருவதில்லை.

வால் நீளமாக இருந்தால் இன்னும் நல்லது என்றும் சொல்ல முடியாது. மண்ணிலிருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா முதலில் தந்த, டாப்டோமைசினுக்கு முன்னோடியான சேர்மங்களின் வால்கள் 11 முதல் 13 கார்பன் வரை இருந்தன. நச்சுத்தன்மை குறைவு என்பதால்தான் 10 கார்பன் வாலைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்புறம், நம் செல்லுக்குள்ளேயே 14 கார்பன் மிரிஸ்டாயில் வால் கொண்ட புரதங்கள் பல இருக்கின்றன. அந்த ஒரு வால் அவற்றைச் சவ்வில் நிலையாகப் பிடித்து வைக்காது. கூடவே இன்னொரு வாலோ, நேர்மின்னூட்டம் கொண்ட சில அமினோ அமிலங்களோ வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: இனி இப்படிப்பட்ட மருந்துச் செய்தி வரும்போது, சோதனை எந்தச் சவ்வில் நடந்தது, அதில் என்னென்ன லிப்பிடு இருந்தது, கொலஸ்ட்ரால் சேர்த்தார்களா என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். கட்டுரையாளருக்கு விளக்கம் ஏதும் தேவைப்பட்டால் எழுதித் தரத் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகர்