முதுகலை மாணவியர் விடுதி அறைகளில் படிக்க விளக்கும் மேசையும் வேண்டி மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தருமபுரி.

அனுப்புநர்: விடுதியில் தங்கிப் படிக்கும் முதுகலை, ஆய்வு மாணவியர்.

பார்வை: விடுதி நிர்வாகத்துக்கு நாங்கள் கொடுத்த மூன்று மனுக்கள். பதில் இல்லை.

ஐயா, வணக்கம்.

எங்கள் விடுதி தங்களுக்குத் தெரிந்ததுதான். நான்கு ரோடு சந்திப்பைத் தாண்டி அவ்வழியே பலமுறை போயிருப்பீர்கள். வெளியே பார்த்தால் புதுக் கட்டடம். குறையெல்லாம் உள்ளேதான்.

1. பத்துக்குப் பன்னிரண்டடி அறையில் நான்கு பேர். விடுதியில் ஒருவர் தங்கும் அறைக்கே 7.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 80 சதுர அடி, வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. எங்களுக்கு ஆளுக்கு 30. சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறோம்.

2. இருட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. இருக்கும் ஒரே ஜன்னலை மறைத்து இரும்பு பீரோவை நிறுத்தி, தரையோடு போல்ட் அடித்துவிட்டார்கள். சுவர் முழுக்க அடர்பச்சை பெயிண்ட். வெயில் கொளுத்துகிற நம் ஊரில் பகல் பதினொரு மணிக்கு டியூப் லைட் போடுகிறோம். அதுவும் கதவுக்கு மேலே ஒன்றே ஒன்று. அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு மறைப்பதால் கீழே படுப்பவர்களுக்கு அந்த வெளிச்சமும் வராது. மேசை கிடையாது. எங்களில் ஒருத்தி பாப்பிரெட்டிப்பட்டிப் பெண், எம்.எஸ்சி. கணிதம். செல்போன் டார்ச்சை எரியவிட்டு எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி, தலையணைமேல் நோட்டை வைத்துக் குனிந்தபடியே கணக்குப் போடுகிறாள். அரை மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்கிறது. சார்ஜ் தீர்ந்தால் அன்றைய படிப்பும் தீர்ந்தது.

3. நான்கு பேருக்கும் பிளக் பாயிண்ட் ஒன்றுதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கருகி, சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி படிந்திருக்கிறது. தீப்பிடித்த பிறகுதான் வந்து பார்ப்பார்களா?

4. நூலகத்தில் போய்ப் படியுங்கள் என்கிறார்கள். அது மாலை ஐந்தரைக்கே பூட்டிவிடும். அப்புறம் எங்கே போவது? ஆய்வேடு எழுத வந்தவர்களுக்கு மேசை வேண்டும் என்பதை எத்தனை தடவை எழுதிக் கேட்பது ஐயா? பென்னாகரம், அரூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து, வீட்டின் முதல் பட்டதாரிகளாக வந்திருக்கிறோம்.

பீரோவை எதிர்ச்சுவருக்கு நகர்த்தச் சொல்லுங்கள். வெள்ளை அடித்தாலே பாதி இருட்டு போய்விடும். தலைமாட்டில் ஆளுக்கொரு விளக்கு, ஒரு பிளக். சுவரில் மடக்குப் பலகை. படிக்கும்போது இறக்கிக்கொள்வோம், படுக்கும்போது மடக்கிவிடுவோம். இவ்வளவுதான் கேட்கிறோம்.

ஒரு நாள் மாலை ஆறரைக்கு வந்து, அந்தக் கீழ்க்கட்டிலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். விளக்கும் மேசையும் வேண்டும் ஐயா. செமஸ்டர் தேர்வுக்கு முன்னால் வேண்டும்.

இப்படிக்கு,
விடுதி மாணவியர்