கேமரா அப்புறம், முதலில் ஒரு டப்பா

ஆசிரியருக்கு வணக்கம்.

பிலிம் கேமரா மேல் இளைஞர்களுக்கு மறுபடியும் ஆசை வந்திருப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் புதிதாகப் பழக நினைப்பவர்களுக்கு அதில் சொன்ன முதல் யோசனையே, செகண்ட் ஹேண்டில் நல்ல கேமராவாகப் பார்த்து வாங்குங்கள் என்பது. அங்கேதான் நான் ஒத்துப்போக மாட்டேன். கேமராவை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். முதல் படத்தை, ஊசியால் துளை போட்ட காலி டப்பாவில், அதாவது லென்ஸ் இல்லாத ஊசித்துளை கேமராவில் எடுக்கட்டும் என்பது என் கட்சி.

நான் போட்டோகிராபர் இல்லை. அரசு மருத்துவமனைகளில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவன். இப்போது எக்ஸ்ரே எடுத்த கையோடு கம்ப்யூட்டரில் படம் தெரிகிறது. எங்கள் காலத்தில் டார்க் ரூம் இல்லாமல் எக்ஸ்ரே கிடையாது. சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் கேசட்டைத் திறந்து, பிலிமை ஹேங்கரில் மாட்டி, படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பரில் இறக்கி, அலசி, படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போவில் போட்டு, அவசர கேஸ் என்றால் ஈரம் சொட்டச் சொட்ட டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவோம். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ பிராண்ட் பிலிம் பெட்டிகள் அலமாரியில் அடுக்கியிருக்கும். சித்திரை மாதத்தில் தொட்டியில் மருந்து சூடேறினால் பிலிமின் ஜெலட்டின் இளகி, விரல் பட்ட இடம் வழுக்கும். ஐஸ் கட்டியை நேரே போட்டால் மருந்து நீர்த்துப் போகும் என்பதால் பிளாஸ்டிக் பையில் கட்டித் தொட்டியில் மிதக்கவிடுவோம். இவ்வளவு பழக்கம் இருந்தும், வெயிலில் நின்று ஒரு படம் எடுத்துப் பார்க்கத் தோன்றியதே இல்லை. கல்லூரியில் படிக்கும் பேத்தி பழைய யாஷிகா கேமரா ஒன்றோடு வந்து, “தாத்தா, உங்களுக்குத்தான் டெவலப் பண்ணத் தெரியுமே” என்று உட்கார்ந்துகொண்ட பிறகுதான் எல்லாம்.

அவளுக்குப் பிடிபடாமல் இருந்தது லென்ஸ் வளையத்தில் உள்ள எண்கள். 2.8, 4, 5.6 என்று ஏறி 16 வரை போகிறது. எண் கூடக்கூட வெளிச்சம் ஏன் குறைகிறது? யூடியூபில் பார்த்தாள், நானும் சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. பால் பவுடர் டப்பா ஒன்றைத் துளைத்ததும் ஏறிவிட்டது. டப்பாவின் குறுக்களவு, அதாவது துளையிலிருந்து எதிர்ப்பக்கப் பிலிம் வரையுள்ள தூரம், 10 செ.மீ., அதாவது 100 மி.மீ. துளை 0.4 மி.மீ. நூறை 0.4ஆல் வகுத்தால் 250. வளையத்தில் இருக்கும் எஃப் எண் என்பது அவ்வளவுதான். லென்ஸில் 16 என்றால் துளை, தூரத்தில் பதினாறில் ஒரு பங்கு. டப்பாவில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. 250ஐ 16ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் ஏறத்தாழ 244 வரும். ஆக, உச்சி வெயிலில் 100 வேக (ISO 100) பிலிமுக்கு எஃப் 16இல் நூறில் ஒரு விநாடி போதும் என்றால், டப்பாவுக்கு இரண்டரை விநாடி வேண்டும். நேரம் நீண்டால் பிலிம் கொஞ்சம் மந்தமாகிவிடும் என்பதால் நாங்கள் அதற்கு மேலும் கூட்டித்தான் கொடுக்கிறோம். டார்க் ரூமில் பிரிண்ட் போடும், ஒளியை உணரும் போட்டோ தாள் இன்னும் மந்தம். அதே வெயிலில் ஒரு நிமிடம் வரை கேட்கும்.

துளைதான் இதில் எல்லாமே. டப்பாவின் தகரத்திலேயே குத்தக் கூடாது, அது தடிமன். கூல்டிரிங்க்ஸ் கேனிலிருந்து ஒரு சின்னத் துண்டு வெட்டி, பழைய நோட்டுப் புத்தகத்தின் மேல் வைத்து, ஊசி முனை மட்டும் இறங்கும்படி அழுத்த வேண்டும். மறுபக்கம் துருத்திக்கொண்டிருக்கும் பிசிறை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி ஊசி முனையால் சுற்றிவிட்டால் விளிம்பு சுத்தமாகும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து போனில் பெரிதாக்கிப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். துளை சிறிதாகச் சிறிதாகப் படம் கூர்மையாகிக்கொண்டே போகும் என்று நினைப்போம். அப்படி இல்லை. இந்த 10 செ.மீ. தூரத்துக்கு 0.4 மி.மீ.க்கு மிகவும் கீழே போனால் ஒளி துளையின் ஓரத்தில் விரிந்து படம் மங்கும். பள்ளியில் ‘விளிம்பு விளைவு’ என்று மனப்பாடம் செய்தது இதுதான் என்று பேத்தி சொல்லித்தான் எனக்கே தெரியும். மற்றபடி டப்பாவின் உட்புறம் பளபளப்பில்லாத கருப்பு பெயிண்ட், துளைக்கு மேல் ஷட்டராகக் கருப்பு இன்சுலேஷன் டேப். முடிந்தது.

உள்ளே போட்டோ தாளையும் வைக்கலாம், பழைய வகை எக்ஸ்ரே பிலிமையும் நறுக்கி வைக்கலாம். எக்ஸ்ரே பிலிமுக்கு இரண்டு பக்கமும் மருந்து பூசியிருப்பதால் டிரேயின் அடியில் உரசினாலே கீறல் விழும். அடியில் ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொள்வது நல்லது. (ஸ்கேன் சென்டர்களில் இப்போது தரும் டிரை பிலிம் இதற்கு ஆகாது.) இரண்டுக்கும் சிவப்பு கண்ணில் படாது. அதனால்தான் சிவப்பு விளக்கில் வேலை செய்ய முடிகிறது. படத்தில் அது என்ன செய்யும் என்று பார்க்க வேண்டுமானால் கோயில் மதிலுக்கு எதிரே டப்பாவை வையுங்கள். காவிப் பட்டை கருப்பாகவும் வெள்ளைப் பட்டை பளிச்சென்றும், அடித்துவைத்த மாதிரி வரும். குங்குமமும் ஓட்டுக் கூரையும் அப்படியே கருத்துவிடும். கடையில் விற்கும் கருப்பு-வெள்ளை ரோல் எல்லா நிறத்தையும் பார்ப்பது, அதில் இது கிடைக்காது.

நான் எடுத்ததில் எனக்குப் பிடித்தது குறுக்குத்துறைப் படித்துறை. ஒரு நிமிடம் திறந்து வைத்த தாள். தாமிரபரணித் தண்ணீர் புகை போல வந்திருக்கிறது. குளித்துக்கொண்டிருந்த ஒருவர்கூட இல்லை. கல்லில் விரித்த சேலை இருக்கிறது, துவைத்த அம்மாவைக் காணோம்.

கட்டுரையில், பிலிம் பொறுமையைக் கற்றுத்தரும் என்று எழுதியிருந்தது. இருக்கலாம். ரோலை லேபில் கொடுத்துவிட்டு ஸ்கேனை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்வதில் காத்திருப்பைத் தவிர என்ன கற்கிறோம் என்று எனக்குத் தெரியவில்லை. ரோல், லேப் செலவு எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்கு மேல் போய்விடுகிறது. படம் கருத்துப்போனால் காரணம் கேமராவா, லேபா, நாமா என்பதும் தெரியாது. டப்பாவில் அந்தக் குழப்பமே இல்லை. ஒரு தாள்தான். வெளிச்சம் புகுந்ததா, நேரம் போதவில்லையா, மருந்து பழையதா என்று பத்து நிமிடத்தில் குளியலறையிலேயே கண்டுபிடித்து, அடுத்த தாளைப் போட்டுவிடலாம்.

இதைப் பள்ளிகளில் ஏன் செய்யக் கூடாது என்பதுதான் நான் எழுத வந்ததே. ஊசித்துளை கேமரா பாடத்தில் இருக்கிறது. எண்ணெய்த் தாளில் மெழுகுவர்த்திச் சுடர் தலைகீழாக விழுவதைக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த எண்ணெய்த் தாள் இருக்கும் இடத்தில் போட்டோ தாளை வைப்பது ஒன்றுதான் பாக்கி. 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று கோவை, திருச்சி, திண்டுக்கல் பக்கம் மரத்தடியில் வளையம் வளையமாக ஒளி விழுந்தது. எங்கள் பக்கம் வேப்ப மரத்தடி முழுக்கப் பிறை. இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் ஊசித்துளையாக வேலை செய்தன. அன்று அதை வாய் பிளந்து பார்த்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. துளை வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

மருந்துக்குப் பயப்படும் ஆசிரியர்களுக்கு ஒரு வழி உண்டு. இன்ஸ்டன்ட் காபித் தூள், சலவை சோடா, வைட்டமின் சி மூன்றையும் கரைத்தாலே டெவலப்பர் ஆகிவிடும். காபியில் டெவலப் செய்யலாம் என்று 1995இல் அமெரிக்காவில் ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரி வகுப்பு ஒன்றில் செய்து காட்டினார்கள். வைட்டமின் சி பின்னால் சேர்ந்தது. ஆப்ப சோடா போட்டால் வேலை செய்யாது, சலவை சோடாவேதான் வேண்டும். நாற்றம் மட்டும் சகிக்காது, ஜன்னலைத் திறந்து வைத்துக் கரைக்கவும். படம் நிலைக்க ஹைப்போ கட்டாயம் வேண்டும். அதில் படத்திலிருந்து கரைந்த வெள்ளி சேர்ந்துவிடும் என்பதால் செடிக்கோ வாய்க்காலுக்கோ ஊற்ற வேண்டாம். கேனில் சேர்த்து வைத்து, வெள்ளி பிரிப்பவர்களிடம் கொடுக்கலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உலக ஊசித்துளை புகைப்பட நாள். 2001இலிருந்து நடக்கிறது. அந்தச் சமயத்தில் பள்ளிகளுக்கும் பெரும்பாலும் லீவு விட்டிருப்பார்கள். அன்று டப்பாவில் எடுத்த படங்களை வாசகர்களிடமிருந்து கேட்டு வாங்கி, ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கருப்பும் வெள்ளையும் இடம் மாறிய நெகடிவாக அனுப்பினாலும் எடுத்துக்கொள்ளுங்கள், போனிலேயே பாசிட்டிவாக மாற்றிவிடலாம். படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயரோடு டப்பா எது, துளை எவ்வளவு, எத்தனை விநாடி திறந்து வைத்தார் என்பதையும் போட்டால் பார்க்கிற பிள்ளைகள் அதை வைத்தே தங்கள் டப்பாவுக்குக் கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எக்ஸ்ரே டெக்னீஷியன்,
பாளையங்கோட்டை