கிராமத்துக்கும் வரட்டும் செவிலியர் பயிற்சி

ஐயா,

நோயாளியை வெறும் கேஸாகப் பார்க்காமல், குடும்பமும் ஊரும் உள்ள மனிதராகப் பார்க்க வேண்டும் என்பதே செவிலியர் கல்லூரிகளின் அடிப்படைக் கொள்கை. நல்ல கொள்கை. பலமும் மனத்திடமும் விவரமும் இருந்தால் நோயாளி தானே செய்துகொள்வதைச் செய்ய உதவுவதே செவிலியர் பணி என்றார் அமெரிக்கச் செவிலியர் வர்ஜீனியா ஹெண்டர்சன்.

அந்த விவரம்தான் தருமபுரிக்கு ரொம்பத் தேவை. ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகள் இங்கே உண்டு. குடிக்க, சமைக்க போர் தண்ணீர் வேண்டாம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைப் பிடித்து வையுங்கள் என்று தாயிடம் பொறுமையாகச் சொல்வதும் சிகிச்சைதான். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு நிற்காமல், மாணவ, மாணவியரின் களப்பயிற்சியை இந்தக் கிராமங்களில் கூடுதல் நாள் நடத்தக் கல்லூரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு செவிலியர் மாணவியின் தந்தை,
பாலக்கோடு