குழந்தையின் சிகிச்சைக்கு வருமான வரம்பு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளையின் ஆஸ்பத்திரிச் செலவுக்காகத் திருடியதாகக் கைதானவர் சொன்னார் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. படிப்பவர்களில் பாதிப் பேர் ஐயோ பாவம் என்கிறார்கள். மீதிப் பேர் அதற்காகத் திருடலாமா என்கிறார்கள். உண்மையில் அந்த எல்லைக்குப் போகும் பெற்றோர் மிகச் சிலர். மற்றவர்கள் செய்யும் தப்புகள் காவல் நிலையம் வரை போவதில்லை. தாலுகா ஆபீஸிலும், ரத்த வங்கி வாசலிலும், வார்டு வராந்தாவிலும் சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடுகின்றன. அவற்றுள் சில யாரையும் பெரிதாக நோகடிக்காதவை. சில, காப்பாற்ற நினைத்த குழந்தையின் உயிருக்கே உலை வைப்பவை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது சரியில்லை என்பதால் இதை எழுதுகிறோம்.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோயையே எடுத்துக்கொள்வோம். இரண்டு வயது முதல் ஐந்து வயதுக்குள்தான் இது கூடுதலாகக் காணப்படுகிறது. குணமாக்கக்கூடிய நோய். ஆனால் சிகிச்சை இரண்டு, இரண்டரை ஆண்டு ஓடும். முதல் நாலைந்து வாரம் கடுமையான மருந்துகள். பிறகு சில மாதங்கள் கைநரம்பில் ஏற்றும் மருந்தும் முதுகுத்தண்டு ஊசியும். கடைசியாக ஏறக்குறைய இரண்டு ஆண்டு வீட்டிலேயே மாத்திரை. மருந்துச் செலவைக் காப்பீடு ஏற்றுக்கொண்டாலும் பஸ் கட்டணம், அறை வாடகை, வெளியே எடுக்கச் சொல்லும் டெஸ்ட், ராத்திரியில் காய்ச்சல் என்றால் பிடிக்கும் கார், போன நாட்களின் கூலி எல்லாம் குடும்பத்தின் தலையில்தான் விழும்.

முதல் பொய் வருமானச் சான்றிதழில் தொடங்குகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. 2022 ஜனவரியில் அதன் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. கேட்கப் பெரிதாகத் தெரியும். வகுத்துப் பாருங்கள்: மாதம் 10,000. ஆண்டில் 300 நாள் வேலை கிடைத்தால், நாளைக்கு 400 ரூபாய். அதுவும் கணவன் மனைவி இருவர் வருமானமும் சேர்த்து. கொத்தனார் ஒருவரின் ஒரு நாள் கூலி இன்று அதைப்போல இரண்டு மடங்கு. ஆட்டோ ஓட்டுபவர், பவர்லூமில் நிற்பவர், ஹோட்டலில் மாஸ்டராக இருப்பவர் எவரும் உண்மையைச் சொன்னால் இந்தக் கோட்டுக்குள் வரமுடியாது. புற்றுநோய்க்குக் கையிலிருந்து கட்டவும் அவர்களால் முடியாது. ஆகவே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது 96,000 என்றோ 84,000 என்றோ எழுதுகிறார்கள். வி.ஏ.ஓ.வுக்குத் தெரியும், வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.க்கும் தெரியும். மனிதாபிமானத்தில் விட்டுவிடுபவரும் உண்டு. அந்தப் பயத்தையே காசாக்குபவரும் உண்டு. பொய் சொல்லி வாங்கிய சான்றிதழோடு இரண்டு வருடம் பயந்துகொண்டே வார்டுக்கு வந்து போகும் தகப்பனை நாங்கள் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. அவரைப் பொய் சொல்ல வைத்தது அந்தக் கணக்கு.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆலையிலோ கடையிலோ பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்த்து, ஒருவரின் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் அவர் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் இருக்க வேண்டியவர். அவர் சம்பளத்திலிருந்து 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். குழந்தையின் சிகிச்சையும் அதில் அடங்கும். அந்த 3.25 சதவீதத்தை மிச்சம் பிடிக்கப் பெயரையே பதிவில் சேர்க்காத முதலாளிகள் நிறைய. அந்த அப்பா தாலுகா ஆபீஸில் பொய் சொல்வதற்கு வெகுநாள் முன்பே அவர் பெயரில் ஒரு பொய் சொல்லப்பட்டாயிற்று. நோய் தெரிந்த அன்றே முதலில் கேட்க வேண்டியது, தனக்கு ஈ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்பதுதான்.

இரண்டாவது தப்பு இதைவிட ஆபத்தானது. ரேஷன் கார்டில் குழந்தையின் பெயரைச் சேர்த்திருக்க மாட்டார்கள். காப்பீட்டுக்குக் குடும்பம் என்றால் கார்டில் உள்ள பெயர்கள்தான். பெயர் சேர்க்கச் சில நாளாகும். டாக்டரோ இன்றே மருந்து ஆரம்பிக்க வேண்டும் என்கிறார். அப்போது யாரோ ஒரு யோசனை சொல்வார்கள்: "அண்ணன் பையனும் இதே வயசுதானே, அவன் பேர்ல சேர்த்துடு." பெரியவர்களிடம் இது நடக்காது, விரல் ரேகை காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் ஆதாருக்கு விரல் ரேகையே எடுப்பதில்லை. இந்த நோய் அதிகம் வரும் வயதும் அதுதான்.

தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். ரத்த வங்கி ஒவ்வொரு முறையும் ரத்த வகையைப் பார்த்து, அந்தப் பெயரில் முன்பு பதிவானதோடு ஒப்பிடுகிறது. ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகளின் ரத்தம் இருந்தால் அந்தக் காவல் உடைந்துபோகும். வகை மாறி ஏறினால் உயிரே போகலாம். டானோரூபிசின், டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் இதயத்தைப் பாதிக்கக்கூடியவை. ஆயுள் முழுவதற்கும் சேர்த்து இவ்வளவுதான் என்று அளவு உண்டு. பிறகு பல ஆண்டு கழித்தும் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு முழுவதும் அண்ணன் மகன் பெயரில் இருந்தால், நம் பையன் இருபது வயதில் மூச்சு வாங்குகிறது என்று போகும்போது டாக்டர் எதைப் பார்ப்பார்? நோயே இல்லாத அந்தப் பையனின் பெயரிலும் புற்றுநோய்ப் பதிவு நிற்கும். அவன் குடும்பத்தின் 5 லட்சமும் கரைந்திருக்கும். நாலு நாள் தாமதம் என்றால் ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழும் ரேஷன் கார்டும் கையில் இருக்கட்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கார்டு வரும்வரை மருந்தைத் தொடங்காமல் வைத்திருக்க மாட்டார்கள்.

ரத்தத்தில் நடப்பது மூன்றாவது. காசுக்கு ரத்தம் கொடுப்பது 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பையடுத்து 1998 ஜனவரி 1 முதல் தடை. ஆனால் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு (பிளேட்லெட்) இறங்கி, மூக்கில் ரத்தம் நிற்காமல் வரும்போது, ஊர் விட்டு ஊர் வந்த பெற்றோருக்கு ஆள் யார் இருக்கிறார்கள்? வாசலில் நிற்கும் ஒருவரிடம் பணம் கொடுத்து, 'குழந்தையின் சித்தப்பா' என்று படிவத்தில் எழுத வைக்கிறார்கள். காசுக்கு வந்தவர் தனக்கு மஞ்சள் காமாலை வந்ததையோ, போன வாரம்தான் வேறிடத்தில் கொடுத்ததையோ சொல்ல மாட்டார். ரத்த வங்கியில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா எல்லாம் சோதிக்கிறார்கள்தான். ஆனால் புதிதாகத் தொற்றிய சில நாட்களில் எந்தச் சோதனையிலும் அது சிக்காமல் போகலாம். ஏற்றிக்கொள்வதோ எதிர்ப்பு சக்தியே இல்லாத குழந்தை.

இதற்கு வழி இருக்கிறது. தட்டணு ஐந்து நாளுக்கு மேல் தாங்காது, வாங்கிச் சேர்த்து வைக்க முடியாது. சேர்த்து வைக்கவேண்டியது ஆட்களின் பெயரை. அட்மிஷன் ஆன முதல் வாரமே, 18 வயது தாண்டி, 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள நாலைந்து பேரை ரத்த வங்கிக்கு அழைத்துப் போய் நரம்பையும் தட்டணு அளவையும் பார்த்துப் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். தட்டணு மட்டும் பிரித்துக் கொடுப்பவர் 48 மணி நேரத்தில் மறுபடி கொடுக்கலாம். வாரத்துக்கு இரண்டு, ஆண்டுக்கு 24 தடவை வரை. மூன்று நாளைக்கு ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. அப்பாவோடு வேலை பார்க்கும் நாலு பேர் ஒத்துக்கொண்டால் கடும் சிகிச்சை நடக்கும் மாதங்களைக் கடத்திவிடலாம். சொந்த ரத்தம்தான் ஒத்துக்கொள்ளும் என்பது தவறான நம்பிக்கை. நெருங்கிய உறவினரின் ரத்தத்தைக் கதிர்வீச்சு செலுத்தித்தான் இக்குழந்தைகளுக்கு ஏற்ற வேண்டும். ரத்தம் கொடுக்கச் சித்தப்பாவைவிடக் கூட வேலை பார்ப்பவரே மேல்.

கடனைப் பற்றி நீட்டத் தேவையில்லை, தெரியாதவர் இல்லை. பத்து வட்டிக்கு 50,000 வாங்கினால் மாதம் 5,000. 24 மாதத்தில் வட்டியே 1,20,000, அசல் அப்படியே நிற்கும். அடமானம் இல்லாத கடனுக்குத் தமிழ்நாட்டில் சட்டப்படியான வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது 6,000 ரூபாய். மகளிர் குழுவின் பணத்தை எடுத்துப் புரட்டிவிட்டுச் சொல்லாமல் இருப்பதும், நாத்தனார் வைக்கக் கொடுத்த நகையை அடகு வைப்பதும் இந்த அழுத்தத்தில் நடப்பவைதான். அவசரத்தில் கடன் வாங்கிக் கட்டிய பணத்தைப் பிறகு யாரும் திருப்பித் தருவதில்லை. பிரதமர் நிவாரண நிதிக்கு மனுப்போட்டாலும் ஏற்கெனவே செலவழித்ததற்கு உதவி கிடையாது. இனி ஆகப்போகும் செலவுக்குத்தான், ஆஸ்பத்திரியின் மதிப்பீட்டுக் கடிதத்தோடு. காப்பீட்டிலும் முன் அனுமதி வருமுன் கட்டியதைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. எனவே முதலில் மதிப்பீடு, பிறகு மனு, கடைசியில்தான் கடன். காப்பீட்டில் அடங்கிய சிகிச்சைக்கு அட்வான்ஸ் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் உடனே புகார் சொல்லுங்கள்.

இதில் எங்களால் ஏற்கவே முடியாத ஒன்று, தம்பியின் வைத்தியத்துக்கு அக்காவைப் படிப்பை நிறுத்தி நூற்பாலைக்கு அனுப்புவது. செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிக்கொண்டு மூத்த பையனோடு போய் உட்காருவதும் அப்படியே. முன்பணத்துக்காக உழைப்பில் கட்டிப்போடுவதை 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டமே தடுக்கிறது. பொய்ச் சான்றிதழின் சுமையை அரசு தாங்கும். இந்தச் சுமையைத் தாங்குவது இன்னொரு குழந்தை. அதற்குக் கையெழுத்துப் போடுமுன், வார்டில் இருக்கும் சமூகப்பணியாளரிடம் ஒரே ஒரு தடவை பேசிவிடுங்கள்.

கடைசியாக, வீட்டில் மாத்திரையைக் குறைத்துக் கொடுப்பது. இதற்குக் காசு மட்டும் காரணமில்லை. வீட்டில் தினமும் கொடுக்கும் மெர்கேப்டோப்யூரின் மாத்திரையைவிட அதை வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்து போவதுதான் செலவு: பஸ், ஒரு நாள் கூலி, சாப்பாடு. தினம் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டிய பிள்ளைக்குப் பத்து மாத்திரைதான் மிச்சம், போவதற்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது என்றால் அம்மா பாதி பாதியாக உடைத்துக் கொடுத்துவிடுகிறார். திட்டுவார்களே என்று வாய் திறப்பதில்லை. இந்தச் சிகிச்சையில், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான நியூட்ரோபில் அணுக்களை 750க்கும் 1,500க்கும் இடையில் வைத்திருக்கத்தான் டாக்டர் மருந்தைக் கூட்டிக் குறைக்கிறார். அரை மாத்திரை போன பிள்ளைக்கு ரிப்போர்ட்டில் 2,800 வருகிறது. டாக்டர் என்ன நினைப்பார்? இந்தப் பிள்ளைக்கு மருந்து போதவில்லை என்று ஒன்றரை மாத்திரையாக்குகிறார். இந்த முறை அம்மா குற்ற உணர்ச்சியில் எப்படியோ பணம் புரட்டி ஒன்றரையை முழுதாகவே கொடுக்கிறார். அரைக்குப் பழகிய உடம்புக்கு மூன்று மடங்கு. அணுக்கள் சரிகின்றன, நடுராத்திரி 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மறுபடி அட்மிஷன், மறுபடி கடன். மாத்திரை 95 சதவீதத்துக்குக் குறைவாகப் போன பிள்ளைகளிடம் நோய் திரும்புவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாதத்தில் இரண்டு நாள் தவறினாலே அந்தக் கோட்டுக்குக் கீழே வந்தாயிற்று. வாரம் ஒரு நாள் மட்டும் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டை விட்டுப்போனதற்கு ஈடாக அடுத்தடுத்த நாளில் கொடுப்பது அதைவிடக் கேடு.

அரசிடம் நாங்கள் கேட்பது புதிதல்ல. விபத்துக்கு இலவசச் சிகிச்சை தர 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவரின் வருமானத்தை யாரும் கேட்பதில்லை. 2024 அக்டோபரில் மத்திய அரசு 70 வயது கடந்த அனைவருக்கும் வருமானம் பாராமல் 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு தொடங்கியது. 18 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் புற்றுநோய், இதயக் கோளாறு, சிறுநீரகச் செயலிழப்பு என்றால் மட்டுமாவது அதே சலுகையைக் கொடுங்கள். பிறப்புச் சான்றிதழும் டாக்டரின் கடிதமும் போதும் என்று ஒரு அரசாணை வந்தால், அந்தக் குழந்தைகளின் பெற்றோர் வருமானத்தைக் குறைத்து எழுதவே வேண்டியிருக்காது.

டாக்டர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. "மாத்திரை ஒழுங்கா குடுத்தீங்களாம்மா?" என்று கேட்டால் எல்லா அம்மாவும் "ஆமாங்க சார்" என்றுதான் சொல்வார்கள். மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, "எத்தனை மிச்சம் இருக்கு, அடுத்த தடவை வர பஸ்ஸுக்குக் காசு இருக்கா?" என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவுகளில் பணியாற்றும் மருத்துவ சமூகப்பணியாளர்கள் சிலர்,
மதுரை.